சீருடையைக் கழற்றிய பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் வந்த, மலாயாவின் சீக்கியப் போலீஸ் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். 1873-இல் வெள்ளைக்கார அதிகாரி கேப்டன் ஸ்பீடி இந்தியாவுக்குப் போய் ஆள் திரட்டி, எங்கள் தைப்பிங் இருக்கும் லாருட் வட்டாரத்தில் இறக்கியது, அந்தப் படைதான் பின்னாளில் மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்ற ராணுவப் படை ஆனது எல்லாம் வந்திருந்தது. தைப்பிங்காரி என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. ஆனால் கட்டுரை சீருடையோடு நின்றுவிட்டது.

சீன ரகசியச் சங்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளீயச் சுரங்க வட்டாரத்தில், உள்ளூரில் மாமன் மச்சான் இல்லாத போலீஸ்காரன் வெள்ளைக்காரனுக்குத் தேவைப்பட்டான். சரி, ஒப்பந்தம் முடிந்த மறுநாளும் அவனுக்கு இங்கே மாமன் மச்சான் கிடையாதே! கைட்ஸ் படையை 1919-இல் கலைத்தார்கள். சிங்கப்பூரில் 1881-இல் தொடங்கிய சீக்கியப் பிரிவையும் இரண்டாம் போருக்குப் பின் கலைத்தார்கள்.

ஊர் திரும்பியவர்கள் போக, தங்கியவர்களில் பலர் ஜாகா, அதாவது காவலாளி வேலைக்குப் போனார்கள். என் சின்ன வயதில் கடைத்தெருவில் ஒரு நகைக்கடை ஜாகா இருந்தார். கடை சாத்தியதும் வாசலை அடைத்துக் கயிற்றுக்கட்டிலைப் போடுவார். அவரைத் தாண்டாமல் கதவைத் தொட முடியாது. தலைமாட்டில் தடி, பக்கத்தில் பித்தளைச் செம்பு. அப்பா அவரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார். செட்டியார் கடையில் அடமானம் கேட்பார்கள். இவரிடம் கைச்சீட்டு போதும். வட்டி என்னவோ கழுத்தை நெரிக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹாங்காங், ஷாங்காய் போலீஸில் இருந்தவர்கள் பலர் கனடாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் கப்பலேறினார்கள். அங்கே கதவைச் சாத்தினார்கள். 1914-இல் கொமகாட்டா மாரு கப்பலில் போன 376 பேரில் பெரும்பாலோரை வான்கூவரில் இறங்கவே விடவில்லை. நேற்றுவரை சாம்ராஜ்யத்தின் காவல்காரன், இன்றைக்கு வேலை தேடிப் போனால், வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த கத்தர் புரட்சிக் கட்சிக்காரனோ என்று சந்தேகம். இந்த அநியாயத்துக்குக் கட்டுரையில் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

இரண்டாம் பகுதி வருமானால், கட்டுரையாளரைத் தைப்பிங், ஈப்போ குருத்வாராக்களுக்கு அனுப்புங்கள். தாத்தா போலீஸில் இருந்த குடும்பங்கள் அங்கே வரும். பென்ஷன் கிடைத்ததா, அடுத்த வேலையை யார் பிடித்துக் கொடுத்தார்கள் என்று கேட்கட்டும். பழைய படங்களை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
தைப்பிங்