எங்களுக்கா நடக்கிற பழக்கம் இல்ல?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல லண்டன் ரீஜண்ட்ஸ் கால்வாய் ஓரமா நடந்துட்டு வந்தவரு எழுதின கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்காரு, படகு வீடு, பாலத்துக்கு அடியில நுழைஞ்சு போறது, வழியில வர்ற பெரிய பார்க்கு எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஆனா கடைசில எதுக்குங்க அந்த வரி? "சேலத்துல யாரு இப்படி நடக்கறா, நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது"ன்னு. நான் தபால்காரனா இருந்து ரிட்டயர் ஆனவன். குகை, செவ்வாப்பேட்டை, கிச்சிப்பாளையம்னு தோள்ல பையோட சந்து சந்தா நடந்தவன், எந்த வீட்டு நாய் குலைக்கும் எது கடிக்கும்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். எனக்குப் பழக்கம் இல்லங்கறீங்க, ரொம்ப சந்தோஷம்.

அந்தக் கால்வாய 1820லயே முழுசா திறந்தாச்சு, 14 கிலோமீட்டர் கிட்ட வரும். அந்தப் பாதைய வாக்கிங் போறவங்களுக்காகவா போட்டாங்க? சரக்குப் படக கயிறு கட்டி இழுத்துட்டுப் போற குதிரைக்காகப் போட்டது, குதிரைக்காக மேடு பள்ளம் இல்லாம போட்டதுனாலதான் இன்னைக்கு முட்டி வலிக்காரனும் அங்க நடக்க முடியுது. குதிரைக்கு வேலை போன அப்புறமும் பாதைய விட்டு வச்சிருக்காங்க பாருங்க, விஷயமே அதான். கட்டுரைக்காரரு விட்டுட்டாரு, நீங்களாவது சேத்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாததா.

நமக்கும் ஆறு இருக்குங்க. சேர்வராயன் மலைல இருந்து இறங்கி, ஊரு நடுவுல சுகவனேசுவரர் கோயில் பக்கமா ஓடி, நாமக்கல் ஜில்லா வழியா காவேரில போயி சேர்ற திருமணிமுத்தாறு. அதுல சாயத் தண்ணியும் கழிவுத் தண்ணியும் வந்து கலந்து, ஓரமா போறவன் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுறான், இதுல பழக்கத்த எங்க இருந்து கொண்டு வர்றது? உங்க பேப்பர்லயே மழை பெஞ்சா "சாக்கடை நீர் வீடுகளில் புகுந்தது"ன்னுதான் போடுறீங்க, ஆத்தோட பேர அச்சடிச்சா மை தீந்துடுமா?

கன்னங்குறிச்சி மூக்கனேரிய 2010ல ஊர் ஜனங்களே சேந்து தூர் வாரி, வாரின மண்ண ஏரிக்குள்ளயே திட்டுத் திட்டா கொட்டி மரம் வச்சாங்க, இன்னைக்கு அந்தத் திட்டெல்லாம் பறவைங்க உக்காருது. கட்டுரைக்காரரு அந்தப் பக்கம் விடியக்காலைல ஒரு நாள் போயிருந்தா நடக்கறவங்கள பாத்திருப்பாரு. அவரு லண்டன்ல இருந்தாரு, சரி விடுங்க.

எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு பார்க் இருக்கு. டைல்ஸ் போட்டு நடைபாதை, ரிப்பன் வெட்டினாங்க, போட்டோ உங்க பேப்பர்லயும் வந்துச்சு. திறக்கறது எத்தன மணிக்குத் தெரியுமா, ஏழு. சேலத்து வெயில்ல ஏழு மணிக்கு மேல யாரு நடப்பா? வாட்ச்மேன கேட்டா "சாவி வச்சிருக்கறவரு இன்னும் வரலீங்க"ங்கறான், அவன் மேல தப்பு இல்ல, பாவம். வீட்டம்மாவுக்கு சுகரு, டாக்டர் தினம் நடங்கம்மான்னு ஈசியா சொல்லிட்டாரு. பிளாட்பாரம் பூரா பைக்கு, டிபன் கடை டேபிள், கட்சி பேனரு, சரின்னு ரோட்டுல இறங்கினா பஸ்காரன் ஹாரன்லயே நம்மள தள்ளி விட்டுடுவான். மூடாத குழில விழுந்து அவங்க கால் வீங்கிக் கிடந்தப்ப யாரும் கட்டுரை எழுத வரல.

உடனே ஏற்காடு போயி நடங்கன்னு சொல்லிடாதீங்க. 20 கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போயா ஒரு மனுசன் சுகருக்கு நடக்கணும்? மே மாசம் ஆனா மலர் கண்காட்சி போட்டோவ பெருசா போடத் தெரியுது, கீழ இருக்கறவன் நடக்கறதுக்கு மட்டும் பக்கம் இல்ல.

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. சேலத்து பார்க் எல்லாம் காலைல 5 மணிக்குத் திறக்கணும்னு ஒரு பெட்டிச் செய்தி போடுங்க, போதும். முடிஞ்சா அந்தக் கடைசி வரிக்கு ஒரு வருத்தமும் தெரிவிங்க, முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் கேக்கறேன். இதுக்கு முன்னாடி தெருவிளக்கு பத்தி எழுதின கடிதம் வந்தே சேரலன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க, அதுவும் ஒரு தபால்காரன்கிட்ட! அதனால இத ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பியிருக்கேன், ரசீது பத்திரமா இருக்கு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
சேலம்