புதிய அறப்பணிக்குத் தாய் அமைப்பு: ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் பகுதிகளில் நம்மவர் தொடங்கும் அன்னதானம், முதியோர் உதவி போன்ற சிறு அறப்பணிகளுக்கு நிதி கேட்டு வரும் வேண்டுகோள்களைத் தங்கள் இதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். பணம் யாருடைய கணக்கில் சேர்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதை அவற்றில் பல சொல்வதில்லை. சொந்தப் பதிவு இல்லாத குழு, ஏற்கெனவே பதிவுபெற்ற ஓர் அமைப்பின் (அதையே தாய் அமைப்பு என்கிறேன்) பொறுப்பில் இயங்க முறையான வழி உண்டு. ஆனால் அதை வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல் எழுத்து மூலமான ஒப்பந்தத்துடன் மட்டுமே செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

2022 ஏப்ரலில் குவாசுலு-நட்டாலில் 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தின்போது, நாங்கள் நால்வர் ஒரு மண்டபத்தில் இரண்டு அண்டா வைத்துச் சமைக்கத் தொடங்கினோம். வெள்ளம் வடிந்த பிறகும், தனியாக வாழும் வறிய முதியவர்களுக்கு வாரம் இருமுறை சாதமும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்த மனம் வரவில்லை. அடுத்த பிப்ரவரிக் கடைசியில், வரியாண்டு முடியச் சில நாள் இருக்கும்போது, கடைக்காரர் ஒருவர் 40,000 ராண்ட் தர முன்வந்து, "18ஏ ரசீது கொடுப்பீர்களா?" என்று கேட்டார். எங்களிடம் அதற்கு விடை இல்லை.

வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அனுமதி பெற்ற அமைப்பு தரும் ரசீது இருந்தால்தான், கொடுத்தவர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை அந்த நன்கொடையைக் கழித்துக்கொள்ள முடியும். அந்த அனுமதிக்குப் பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரம் வேண்டும்; அங்கீகாரம் பெறவோ, ஒருவருக்கொருவர் உறவில்லாத மூவராவது நிதிப் பொறுப்பை ஏற்க வேண்டும். எங்கள் நால்வரில் நான், என் அண்ணன், அண்ணி என மூவர் ஒரே குடும்பம். ஆகவே கோயில் நடத்திவந்த, 18ஏ அனுமதி பெற்றிருந்த ஒரு சங்கத்தை நாடினோம். அவர்கள் முகமலர்ந்து ஏற்றார்கள், ரசீதும் தந்தார்கள். எதையும் எழுதிக்கொள்ளவில்லை, கேட்பது மரியாதையில்லை என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

பதினொரு மாதம் கழித்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழு மாறியது. புதிய பொருளாளர் கணக்கேட்டைத் திறந்து காட்டினார். உண்டியல் பணம், மண்டப வாடகை, எங்களுக்கு வந்த நன்கொடை எல்லாம் 'வரவு' என்ற ஒரே பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அரிசிக்கும் பருப்புக்கும் நாங்கள் வாங்கியது 17,000 ராண்டுக்குச் சற்று மேல். எஞ்சியது கோபுரத்துக்கு வண்ணம் பூசச் செலவாகியிருந்தது. எவரும் ஒரு செண்டைக்கூடக் களவாடவில்லை. ஆயினும் ஆறு வாரம் உணவு போகவில்லை. துலக்கி வைத்த தூக்குச்சட்டியுடன் வாசலில் காத்திருந்த 81 வயதுப் பாட்டியிடம், "இந்த வாரமும் இல்லையம்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அது எங்கள் இழப்போடு முடியும் செய்தியும் அன்று. சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இரண்டாம் பகுதியில் உள்ள வறுமை ஒழிப்பு, மருத்துவம், கல்வி போன்ற பணிகளுக்கே 18ஏ பொருந்தும். சமயமும் கலை, பண்பாட்டுப் பணிகளும் முதற்பகுதியில் மட்டுமே உள்ளன. ரசீது தரப்பட்ட பணம் கோபுரத்துக்குப் போனால், வரித்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தச் சங்கத்தின் பொறுப்பாளர்கள். நாம் அடிக்கடி பிரியாணிப் பொட்டலம் விற்று நிதி திரட்டுகிறோம். அதற்கும் இந்த ரசீது தர இயலாது. பணத்துக்கு ஈடாக வாங்கியவர் கையில் உணவு போய்விடுவதால் அது நன்கொடை ஆகாது.

இத்தகைய ஏற்பாடு அமெரிக்காவில் நன்கு வேரூன்றியது. வரிவிலக்குப் பெற்ற அமைப்பு, அது இல்லாத குழுவுக்குப் பணம் தரலாம் என்றும், அந்தப் பணத்தின் மீதான கட்டுப்பாட்டைத் தானே வைத்துக்கொண்டு, அறப்பணிக்கே செலவானதற்குக் கணக்கும் வைத்திருக்க வேண்டும் என்றும் அந்நாட்டு வரித்துறை 1968இலேயே விளக்கியது. அங்கே தாய் அமைப்புகள் பொதுவாக வரவில் 5 முதல் 10 விழுக்காடு வரை நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்கின்றன. இங்கோ ரசீது தரும் அமைப்பு அந்தப் பணியைத் தன் சொந்தப் பணியாகவே ஏற்று நடத்துவதுதான் பாதுகாப்பானது. பணத்தை வாங்கி, பதிவில்லாத ஒரு குழுவின் கணக்குக்கு அப்படியே மாற்றிவிடுவது ஆபத்து. புதிய குழுவினர் இதைத் தெளிவாக உணர வேண்டும்: வந்த பணம் சட்டப்படி தாய் அமைப்பினுடையது. அவர்கள் பில் கேட்பதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொண்டு நம்மவர் முகம் சுளிப்பதை நானே கண்டிருக்கிறேன். தம் பெயரையும் பதிவெண்ணையும் நமக்காகப் பணயம் வைத்திருப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

வேறொரு சங்கத்துடன் மறு ஆண்டு மூன்று பக்க ஒப்பந்தம் எழுதினோம். எங்கள் பணிக்குத் தனிக் கணக்கேடு. ஒவ்வொரு செலவுக்கும் அவர்கள் பக்கம் ஒருவரும் எங்கள் பக்கம் ஒருவருமாக இரு கையெழுத்து. நிர்வாகச் செலவுக்கு 7 விழுக்காடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு அறிக்கை. நிர்வாகக் குழு மாறினாலும் ஒப்பந்தம் தொடரும் என்ற வரியைப் பட்ட அனுபவத்தால் கேட்டுச் சேர்த்தேன். பிரியும் காலத்தைப் பற்றிப் பேசத்தான் மிகவும் தயக்கமாக இருந்தது. நாங்கள் சொந்தமாக அதே அனுமதியைப் பெற்றால் எஞ்சிய தொகை 60 நாளில் எங்களுக்கு வந்து சேரும்; பெறாமலே பணியை நிறுத்தினால், முதியோருக்கு உணவளிக்கும் அனுமதி பெற்ற மற்றோர் அமைப்புக்குப் போகும். இதை எழுதி முடிக்க ஒரே மாலை போதுமானதாக இருந்தது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். நிதி கேட்டு வரும் அறிவிப்புகளை வெளியிடும்போது, எந்த அமைப்பு பொறுப்பேற்றுள்ளது, அதன் பதிவெண் என்ன, 18ஏ ரசீது கிடைக்குமா என்ற மூன்று விவரங்களையும் அறிவிப்பின் அடியில் சேர்த்துத் தருமாறு குழுவினரைக் கேட்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்