ஞாயிறு உரையாடல்: 'மியூசிக்' ஆல்பம் பற்றி உங்கள் கருத்து தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

இம்மாத ஆல்பம், நார்வேயின் தியேட்டர் ஆஃப் டிராஜெடி இசைக்குழு 2000இல் வெளியிட்ட 'மியூசிக்'. வரும் ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழு அழைப்பில் பேசுகிறோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: இவர்கள் முன்பு மெதுவான, இருண்ட காதிக் மெட்டல் (சோகம் தோய்ந்த கனமான கிடார் ராக் வகை) இசைத்தவர்கள். பாடல் வரிகள்கூடப் பழைய ஆங்கில நடையில் இருக்கும். இந்த ஆல்பத்தில் சிந்தசைசர், இயந்திரத் தாளம், நகரம், ரேடியோ என்று பாதையே மாறிவிட்டது. பாடகி லிவ் கிறிஸ்டினின் மென்குரல் மட்டும் கூடவே வருகிறது. உறுமல் குரலை 1998இல் வந்த 'ஈஜிஸ்' ஆல்பத்திலேயே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அதனால் இந்த மாற்றம் பழைய ரசிகர்களுக்குச் செய்த 'திடீர் துரோகம்' என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். சண்டைக்கு வரலாம்!

1. முழு ஆல்பத்தையும் ஒருமுறையாவது வரிசையாகக் கேளுங்கள். ஹெட்போன் நல்லது; போன் ஸ்பீக்கரில் பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போய்விடும்.
2. பிடித்த பாட்டு ஒன்று, தாண்டிப்போன பாட்டு ஒன்று, காரணத்தோடு சனி இரவு 9 மணிக்குள் இங்கே எழுதுங்கள். 'சூப்பர்', 'மொக்கை' என்று மட்டும் போட்டால் கணக்கில் சேராது.
3. இது மெட்டலா, வெறும் எலக்ட்ரானிக் பாப்பா? ஒரு பக்கம் நின்று பேசுங்கள். கிடார் பின்னால் போனாலும் அதன் கனம் குறையவில்லை என்பது என் கட்சி. 'மெஷின்' பாட்டே சாட்சி.
4. பாட்டுக் கோப்புகளை இங்கே போட வேண்டாம். இணைப்பு போதும்.

வருபவர்கள் வெள்ளிக்குள் 'வருகிறேன்' என்று பதில் போடுங்கள். வர முடியாதவர்கள் குரல் பதிவு அனுப்பலாம். அப்புறம், அது இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும், தயவுசெய்து.

ஒருங்கிணைப்பாளர்