பொன்னாடை வேணாம், ஒரு ரூம் சாவி குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அன்புச்சோலை பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்திய எங்க மூத்த குடிமக்கள் மன்றத்துல சத்தமா வாசிச்சோம் (சத்தமா வாசிக்கறதுதான் எங்க வழக்கம், பாதி பேருக்கு பொடி எழுத்து தெரியாது, மீதி பேர் கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துடுவாங்க). 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல 10 கோடி ரூபாய்க்கு 25 மையம்னு அறிவிச்ச திட்டம், பெரியவங்க பகல்ல வந்து இருந்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு போயிடலாம். நல்ல திட்டம், குறை சொல்ல எழுதல. ஆனா 25ங்கறது பெரும்பாலும் பெரிய ஊருக்கே சரியா போயிடும், காவிரிக்கரைல இருக்கற எங்கள மாதிரி நகராட்சிக்கு அது வந்து சேர்றதுக்குள்ள இப்ப மன்றத்துல உக்காந்திருக்கற பல பேர் சுவத்துல மாலையோட இருப்போம். அதனால நாங்க கேக்கறது ரொம்ப சின்னது, புதுசா எதுவும் கட்ட வேணாம், நகராட்சி ஏற்கனவே கட்டி பூட்டி வச்சிருக்கற ரூம்ல ஒண்ணோட சாவிய காலைல 10 மணிலேர்ந்து 1 மணி வரைக்கும் எங்க கிட்ட குடுங்க.

சீனியர் சிட்டிசன் கிளப்புன்னாலே வேலை வெட்டி இல்லாதவங்க கேரம் ஆடிட்டு மருமகள பத்தி பேசற எடம்னு ஒரு நினைப்பு இருக்கு. கேரமும் ஆடறோம், மருமகளையும் பேசறோம், அதுல மறைக்க என்ன இருக்கு. ஆனா நவம்பர் மாசம் வந்து பாருங்க.

மத்திய அரசு, ரயில்வே, தபால் துறைன்னு பென்ஷன் வாங்கறவங்க எல்லாரும் நவம்பர்ல உயிரோட இருக்கோம்னு சர்டிபிகேட் குடுக்கணும், 80 வயசு தாண்டினவங்க அக்டோபர் 1லேர்ந்தே குடுக்கலாம். பி.எஃப். பென்ஷன்காரங்க வருஷத்துல எப்ப வேணும்னாலும் குடுக்கலாம்னு விதி இருக்கு, இருந்தாலும் கூட்டத்தோட கூட்டமா அவங்களும் வந்துடுவாங்க. 2014ல ஜீவன் பிரமாண்ங்கற டிஜிட்டல் சர்டிபிகேட் வந்தப்ப கைரேகை மெஷின்தான், அதுல எத்தன பேருக்கு ரேகை விழுந்துச்சுங்கறீங்க? சாம்பல் போட்டு பாத்திரம் தேச்ச கை, சுண்ணாம்பு கலக்கின கை, அரிசி மில்லுல மூட்டை தூக்கின கை, எதுலயும் கோடே இருக்காது. மெஷின் சிவப்பு லைட்ட காட்டும், இவங்க பாவம் வெரல புடவைல துடைச்சு துடைச்சு மறுபடி மறுபடி வைப்பாங்க. 2021ல மூஞ்சிய காட்டற முறை வந்த பிறகு கொஞ்சம் தேவலாம். போன்ல ரெண்டு ஆப் போடணும், முதல்ல ஆப்பரேட்டரோட மூஞ்சி, அதாவது எங்க ஆளு ஒருத்தரோட மூஞ்சி பதிவாகணும், அதுக்கப்பறம்தான் பென்ஷன்காரர். ஆதார் நம்பர், பிபிஓ நம்பர் (பென்ஷன் உத்தரவு நம்பர்), பேங்க் அக்கவுண்ட் நம்பர் எல்லாம் அடிச்சு, வெளிச்சம் மூஞ்சில விழற மாதிரி உக்கார வச்சு, கண்ண சிமிட்டுங்க கண்ண சிமிட்டுங்கன்னு காதுல கத்தணும். கேட்ராக்ட் ஆபரேஷன் பண்ணவங்களுக்கு கண்ணு கூசும், அப்படியே இறுக்கி மூடிக்குவாங்க, கேமரா மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். இதுல ஃபேமிலி பென்ஷன் வாங்கற அம்மாக்களுக்கு ஆப் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, மறுமணம் பண்ணிருக்கீங்களான்னு. 84 வயசு பாட்டிகிட்ட அத கேட்டா அவங்க "யாருப்பா மாப்பிள்ளை, நல்ல குடும்பமா?"ன்னு திருப்பி கேட்டாங்க, அன்னிக்கு பூரா ஹாலே சிரிச்சுது.

தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு இத பண்ணி குடுக்கற வசதியும் இருக்கு, அதையும் சொல்லி அனுப்பறோம், ஆனா எங்க கிட்ட ஓசி, அதோட டீயும் உண்டு. பி.எஃப். பென்ஷன்ல குறைஞ்சபட்சம் 1,000 ரூபாய்னு 2014ல வச்சது இன்னிக்கும் அதேதான் நிக்குது, அந்த ஆயிரத்துல 70 ரூபாய்ங்கறது அவங்களுக்கு சின்ன காசா இல்ல, 2025 நவம்பர்லேர்ந்துதான் அந்த செலவ பி.எஃப். ஆபீஸே ஏத்துக்குது.

அடுத்தது சொத்து விவகாரம், இதுக்குத்தான் ரகசியமா வந்து ஓரமா நிப்பாங்க. பையன் பேருக்கு வீட்ட செட்டில்மென்ட் எழுதி குடுத்துடுவாங்க, ஆறு மாசத்துல திண்ணைக்கு வந்துடுவாங்க. 2007ல வந்த பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம்னு ஒண்ணு இருக்கறதே நெறைய பேருக்கு தெரியாது. ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) தலைமைல தீர்ப்பாயம் இருக்கு, மனு எழுதி குடுத்தா போதும், மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் பிள்ளைகள் குடுக்கணும்னு உத்தரவு போடலாம். கடைசி வரை பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதின செட்டில்மென்ட்ட, பாத்துக்கலன்னா ரத்து பண்ண 23வது பிரிவு இருக்கு. அதனால மன்றத்துக்கு யார் வந்தாலும் ரிட்டயர்டு சார்பதிவாளர் ஒருத்தர் ஒரே விஷயத்த சொல்லிட்டே இருப்பாரு, எழுதி குடுக்காதீங்க, குடுத்தே ஆகணும்னா சோறு போட்டு வைத்தியம் பாத்து கடைசி வரை காப்பாத்தணும்னு ஒரு வரி பத்திரத்துல கண்டிப்பா எழுதுங்க. என்ன கேட்டா உயிரோட இருக்கற வரைக்கும் எழுதி குடுக்கவே கூடாதும்பேன், ஆனா பிள்ளைப்பாசம் யாரோட பேச்சையும் கேக்காது. மனு எழுதி குடுத்துட்டு மறுநாளே வந்து "வேணாம் சார், அவன் பேர் கெட்டுடும்"னு கிழிச்சு போட்டுட்டு போனவங்களும் உண்டு. அவங்கள என்னன்னு சொல்றது.

போன்ல வர்ற மோசடிய பத்தி உங்க பேப்பர்லயே தினம் வருது. டிஜிட்டல் அரெஸ்ட்னு சொல்லி வீடியோ கால்ல போலீஸ் டிரஸ்ல ஒருத்தன் வருவான், அப்படி ஒரு அரெஸ்ட் சட்டத்துலயே கிடையாது. பணம் போயிடுச்சுன்னா அழுதுட்டு உக்காராம உடனே சைபர் மோசடி உதவி நம்பர் 1930க்கு போன் பண்ணணும், எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்கு பணத்த நிறுத்தி வைக்க வாய்ப்பு ஜாஸ்தி. இத நாங்க நோட்டீஸ் அடிச்சு ஒட்டி பாத்தோம், ஒருத்தரும் படிக்கல. இப்ப எங்கள்ல ஒருத்தர் போலீஸ்காரரா நடிப்பார், இன்னொருத்தர் ஏமாறுவார், மத்தவங்க எங்க தப்பு பண்ணார்னு சொல்லணும். அது வேலை செய்யுது. நாடகத்துல பழைய ஆசை இருக்கறவங்க இதுக்குன்னே காக்கி சட்டை தைச்சு வச்சிருக்காங்க.

பெண்கள் விஷயம் ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாள் இது ஆம்பளைங்க மன்றமாத்தான் இருந்துச்சு, மெம்பர் லிஸ்ட்ல பொம்பளைங்க பேர் இருக்கும், ஆள் இருக்காது. கோலப்போட்டி வச்சா வருவாங்க, பஜனைன்னா வருவாங்க, மறுநாள் காணோம். காரணம் வேற ஒண்ணுமில்ல, கூட்டம் சாயங்காலம் 4 மணிக்கு வச்சோம், அந்த நேரத்துலதான் பேரப்பிள்ளைங்க ஸ்கூல் வேன்லேர்ந்து எறங்கும், அப்பறம் டிபன், அப்பறம் வெளக்கு ஏத்தற நேரம். ஒரு அம்மா எந்திரிச்சு "உங்களுக்குத்தான் ரிட்டயர்மெண்ட் எங்களுக்கு எப்ப?"ன்னு நறுக்குன்னு கேட்டுட்டாங்க. காலைல 10 மணிக்கு மாத்தினோம், சமையல் முடிச்சு ஒரு வாய் காபிய குடிச்சுட்டு வந்துடறாங்க. இப்ப கேரம் போர்டு அவங்க கைல, எங்களுக்கு டர்ன் கெடைக்கறதே பெரும்பாடு. அரசு பள்ளி பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்பி குடுக்கறது, தமிழ் வாசிக்க திணர்றவங்கள சனிக்கிழமை உக்கார வச்சு வாசிக்க வைக்கறது எல்லாம் ரிட்டயர்டு டீச்சரம்மாக்கள் எடுத்து செய்யறதுதான், நாங்க பேச்சுப்போட்டிக்கு பரிசு வாங்கி குடுக்கறதோட சரி.

ஒரு குறை எங்க பக்கத்துலயும் உண்டு. மாசம் 50 ரூபாய் சந்தாங்கறதால ஓஏபி (முதியோர் உதவித்தொகை) வாங்கறவங்க இந்த பக்கமே வர்றதில்ல. 2023ல 1,000த்த 1,200 ஆக்கினாங்க, அத வச்சு மாசம் ஓட்டறவங்க எப்படி சந்தா கட்டுவாங்க? ரிட்டயர்டு ஆபீசருங்க கிளப்புன்னு வெளில பேச்சு இருக்கு, அது முழு பொய்யும் இல்ல. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் பிரஷர் பாக்க வர்ற நாள்ல மட்டும் தெருக்கோடிலேர்ந்து அந்த பாட்டிகளும் வருவாங்க, மாத்திரைய வாங்கிட்டு நாற்காலில உக்காராம தரைல உக்காந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பாத்துட்டு போயிடுவாங்க. வாடகை, கரண்டுன்னு பயம் இல்லாத ஒரு எடம் கெடைச்சா சந்தாவையே தூக்கிடலாம்னு தீர்மானம் போட்டு வச்சிருக்கோம்.

இப்ப எடத்துக்கு வர்றேன். ஒரு நல்ல மனுஷர் அவரோட கல்யாண மண்டபத்து பந்தி ஹால காசு வாங்காம குடுத்திருக்கார், அவர் குடும்பம் நல்லா இருக்கணும். ஆனா முகூர்த்த நாள்னா நாங்க காலி பண்ணணும், முதல் நாள் சாயங்காலமே பண்ணணும், ஏன்னா காய்கறி வந்து எறங்கிடும். தை, வைகாசி, ஆவணி மூணு மாசமும் நாங்க நாடோடிங்கதான். கேரம் போர்டு அண்டாவுக்கு பின்னாடி போயிடும், பத்திரிகை ஃபைல் மேல எண்ணெய் டின் வச்சிருப்பாங்க. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் கரெக்டா நவம்பர் கேம்ப்ல வந்து நிக்கும். அப்ப ஒரு கோவில் மண்டபத்துக்கு போனோம், அங்க வெளிச்சம் பத்தாது, மூஞ்சி பதிவாகாது, பெரியவங்கள கைய பிடிச்சு படி எறக்கி வெயிலுக்கு கூட்டிட்டு வந்து நிக்க வச்சு போன காட்டணும். பாத்ரூம் இல்ல. சுகர் உள்ளவங்க ரெண்டு மணி நேரம் எப்படி அடக்குவாங்க, இத எழுதக்கூட கூச்சமாத்தான் இருக்கு ஆனா எழுதித்தான் ஆகணும், பெண்கள் பாதி பேர் வராம போனதுக்கு அதான் காரணம்.

அதே ஊர்ல பகல் பூரா பூட்டிக் கிடக்கற சமுதாயக்கூடம் இருக்கு, மாடில ஒரு படிப்பகம் இருக்கு, பார்க்குல உடற்பயிற்சிக்கூடம்னு கட்டி மெஷின் வராம ஓட்டடை புடிச்ச ரூம் இருக்கு. இதுல கீழ்த்தளத்துல ஏதாவது ஒண்ணு போதும். ரெண்டு படிக்கு பதிலா சாய்தளம், பிடிச்சுக்க கம்பி, ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், நாலு ஃபேன், அவ்வளவுதான் கேக்கறோம். கூட்டறது, கரண்டு பில்லு எங்க பொறுப்பு. "உங்களுக்கு குடுத்தா எல்லா சங்கமும் கேக்கும்"னு நகராட்சி ஆபீஸ்ல சொல்றாங்க. சங்கத்து பேர்ல குடுக்கவே வேணாம், 60 வயசு ஆன யார் வேணும்னாலும் வரலாம்னு நகராட்சி போர்டே மாட்டட்டும், நாங்க அங்க வாலண்டியரா இருந்துக்கறோம், ஆடிட் பண்ணட்டும், பிடிக்கலன்னா சாவிய வாங்கிக்கட்டும்.

அக்டோபர் 1 முதியோர் தினத்துக்கு வருஷம் தவறாம மேடை போட்டு பொன்னாடை போத்தறாங்க, அந்த மேடை, பந்தல், மைக் செலவ கூட்டினாலே சாய்தளமும் டாய்லெட்டும் கட்டிடலாம்னு எங்க பொருளாளர் கணக்கு சொல்றார், அவர் பேங்க்ல இருந்தவர், நம்பலாம். ரயில்ல ஆம்பளைக்கு 40 சதவீதம் பொம்பளைக்கு 50 சதவீதம்னு இருந்த சலுகைய 2020 மார்ச்ல நிறுத்தினது இன்னும் திரும்ப வரல, அது டெல்லி விஷயம், அத கேட்டு கேட்டு வாய் வலிச்சாச்சு. இது உள்ளூர் விஷயம், ஒரு கையெழுத்துல முடியும்.

ஊர் பேர் போடாததுக்கு காரணம், இங்க இருக்கற ஒரு அதிகாரிய குத்தம் சொல்ற மாதிரி ஆயிடக்கூடாது, பக்கத்து ஊர் மன்றங்களும் இதே கதையத்தான் சொல்றாங்க. இந்த கடிதத்த போட்டீங்கன்னா கட்டிங்க வெட்டி புது மனுவோட சேத்து குடுக்கறதா இருக்கோம், முன்ன குடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரல.

இப்படிக்கு,
மூத்த குடிமக்கள் மன்ற செயலாளர் ஒருவர்,
காவிரி டெல்டா