பாத் நகரத்து ஊர்வலத்துக்குப் போய் வா

கடலூர்
ஆகஸ்ட் 2025

அன்புள்ள கயல்,

செப்டம்பரில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினுக்கு நடக்கும் விழாவுக்கு, அந்தக் காலத்து உடையில் போகும் ஊர்வலத்துக்கு, ஆபீஸ் தோழிகள் கூப்பிடுகிறார்கள், போகவா வேண்டாமா என்று போனில் கேட்டாய். போனில் அரையும் குறையுமாகத்தான் பேச முடிந்தது, அதனால் எழுதுகிறேன். போ. அந்தக் காலத்துக் கவுனைப் போட்டுக்கொண்டே போ.

அவர் புத்தகத்தைப் படிக்காதவர்களும் தொப்பி மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடக்கிறார்கள், அது என்ன மரியாதை என்றாய். பாடலீஸ்வரர் கோயில் தேர் இழுக்க வருகிறவர்கள் எல்லாம் தேவாரம் படித்தவர்களா? ஒரு கூட்டம் சும்மா வேடிக்கை பார்க்க வரும், அதில் நாலு பேர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறப்பார்கள். தவிர, ஜேனுக்கே இதெல்லாம் பிடித்த விஷயம். 1798-ல் ஒரு நடன விருந்தைப் பற்றி அக்கா கஸாண்ட்ராவுக்கு எழுதும்போது, மொத்தம் இருபது நடனம், இருபதும் ஆடினேன், களைப்பே இல்லை என்கிறார். அடுத்த வருஷம் பாத்திலிருந்தே எழுதிய கடிதத்தில், தொப்பியில் பழம் வைப்பதா பூ வைப்பதா என்று ஒரு விசாரணை. தலையிலிருந்து பழம் முளைப்பதைவிடப் பூ முளைப்பதுதான் இயற்கை என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். படித்துப் பார், உனக்குச் சிரிப்பு வரும்.

உன் முதல் தயக்கம்தான் கனமானது. வெள்ளைக்காரர்கள் தங்கள் பழைய பெருமையைக் கொண்டாடுகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்றாய். உன்னைவிட அங்கே யாருக்கு அதிக வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கரையோரம் இடிந்து கிடக்கிறதே செயின்ட் டேவிட் கோட்டை, அதை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மராத்தியரிடம் வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்தி என்று ஒப்பந்தம். குண்டு கிராமம் என்ற பேர் அப்படி வந்ததுதான். அந்தக் கோட்டையில் கம்பெனி வைத்தியராக இருந்தவர் டைசோ சால் ஹான்காக். 1753 பிப்ரவரியில் இதே கடலூரில் அவர் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் பெயர் ஃபிலடெல்ஃபியா ஆஸ்டின். ஜேனின் அப்பா ஜார்ஜுக்குக் கூடப்பிறந்த அக்கா. ஜேனுக்கு அத்தை!

அப்பா அம்மா இரண்டு பேரையும் சிறு வயதிலேயே இழந்தவள். பதினைந்து வயதில் லண்டனில் தொப்பி தைக்கும் கடையில் வேலை பழகச் சேர்த்தார்கள். 1752 ஜனவரியில் கப்பலேறி ஆகஸ்டில் சென்னை வந்து இறங்கினாள். மாப்பிள்ளை தேடித்தான் அனுப்பியிருப்பார்கள் என்பது ஜேனின் வாழ்க்கையை எழுதியவர்களின் முடிவு. கையில் காசில்லாத, கேட்க நாதியில்லாத பெண்களை அப்போது இப்படிக் கப்பலேற்றுவது வழக்கம். ஏழு மாதக் கடல் பயணம், அதன் முடிவில் முன்பின் பார்க்காத ஒருவரோடு வாழ்க்கை. ஜேன் பதினாறு வயதில் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட 'கேதரின்' கதையில் இதே மாதிரி ஒரு பெண்ணை வங்காளத்துக்கு அனுப்புகிறார்கள். அவளுக்கு அதிர்ஷ்டம் என்று ஒருத்தி சொல்ல, கதாநாயகி கொதித்துப் போகிறாள். இது அதிர்ஷ்டமா என்று அவள் கேட்கிற கேள்வி, அந்த அத்தைக்காகக் கேட்டது என்றே நான் நினைக்கிறேன். அத்தையின் மகள் எலைஸா கல்கத்தாவில் பிறந்தவள். பின்னாளில் ஜேனின் அண்ணன் ஹென்றியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே மருமகளாக வந்தாள்.

கம்பெனி நம் ஊரிலிருந்து என்னென்ன கொண்டுபோனது என்ற கணக்கை மறந்துவிடச் சொல்லவில்லை. தோழிகளிடம் தயங்காமல் சொல். ஜேனின் 'நார்த்தாங்கர் அபி' நாவலில் பாத் நடனக் கூடத்தில் ஹென்றி டில்னி, கஜம் ஐந்து ஷில்லிங்குக்கு அசல் இந்திய மஸ்லின் வாங்கினேன் என்று பீற்றிக்கொள்வான். அந்த ஊரில் எத்தனையோ பேர் ஆடியது நம் நாட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு.

கொண்டாட்டம் அதிகம் என்று உனக்குத் தோன்றினால் இதையும் யோசி. 1811-ல் ஜேனின் முதல் நாவல் வந்தபோது தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் கிடையாது, 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் இருந்தது. 1817-ல் 41 வயதில் இறந்து வின்செஸ்டர் தேவாலயத்தில் புதைத்தார்கள். கல்லறைக் கல்லில் குணத்தைப் புகழ்ந்து எவ்வளவோ எழுதியவர்கள், நாவல் எழுதினார் என்று ஒரு வரி போடவில்லை. அப்படி மறைந்திருந்த பெயருக்காக 2014-ல் 550 பேர் அதே காலத்து உடையில் கூடி கின்னஸ் சாதனை வைத்தார்கள் என்றால் எனக்கு மனசு நிறைகிறது. இந்த டிசம்பர் 16 வந்தால் அவர் பிறந்து 250 வருஷம். தாரை தப்பட்டையே வைக்கலாம்.

இத்தனைக்கும் பாத் அவருக்குப் பிடித்த ஊரில்லை. அங்கிருந்து கிளம்பியபோது தப்பித்த சந்தோஷம் இருந்தது என்று பிற்பாடு எழுதியிருக்கிறார். அப்பா ஜார்ஜ் இறந்ததும் அந்த ஊரில்தான், 1805-ல். வால்காட் பகுதியில் செயின்ட் ஸ்விதின் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. நம் ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் தம்பி. ஊர்வலம் முடிந்து நேரமிருந்தால் எட்டிப் பார்த்துவிட்டு வா.

சரி, உடைக்கு வருவோம். வாடகைக்கு எடுக்காதே. நல்ல வெள்ளை மல் துணி வாங்கி வைத்துவிட்டேன். மார்புக்குக் கீழே நாடா போட்டுச் சுருக்கி, அங்கிருந்து கணுக்கால் வரை தளர விட வேண்டும். கை குட்டையாக, பஃப் வைத்து. மல் துணி வெளிச்சத்தில் உள்ளே காட்டும், அதனால் லைனிங் கொடுக்கிறேன். தோள், மார்பு, தோளிலிருந்து கணுக்கால் வரை நீளம், மூன்றையும் அளந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. போன தடவை மாதிரி குத்துமதிப்பாகச் சொல்லாதே, டேப் வைத்து அள. தொப்பி மட்டும் அங்கேயே வாங்கிக்கொள், பூ வைத்ததாக.

அன்புடன்,
அம்மா