நண்டு நாடகத்துக்கு இரண்டாம் பாகமா?

மண்டபம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவைப் போன வாரம் பார்த்தேன். மூட்டுவலி குறைந்திருக்கிறது, கோயில் வரைக்கும் தனியாக நடந்து வருகிறார்கள். நீ அனுப்பிய பணத்தில் ஓடு மாற்றியாகிவிட்டது. பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள், 2022 டிசம்பரில் நின்ற ரயில் மறுபடி ராமேஸ்வரம் போகிறது. பழைய பாலம் போல இது இரண்டாகப் பிரிவதில்லை, நடுத்துண்டு முழுசாக மேலே ஏறுகிறது. உன் மகனுக்குக் காட்ட வேண்டும், பள்ளிக்கூட லீவிலாவது கூட்டிக்கொண்டு வா. திருப்பூரை நீ இல்லாமலும் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கிறது. பெயிண்ட் அடிப்பவன் அடிக்கிறான், பலகை மாற்றுபவன் மாற்றுகிறான். ஐஸ் கம்பெனியில் எனக்குப் பாதி வேலைதான். அதனால்தான் ராத்திரி உட்கார்ந்து படம் பார்க்க நேரம் கிடைத்தது. பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை, உன்னிடம் சொல்லாமல் தீராது.

‘சூது கவ்வும்’ இரண்டாம் பாகம் பார்த்தேன், மாப்பிள்ளை. சோடாபுட்டி வீட்டு மாடியில், அவன் புது டிவியில்.

முதல் பாகம் பார்த்தது உனக்கு மறந்திருக்காது. 2013 மே 1-ல் ரிலீஸ். அப்போதும் தடைக்காலம்தான், அன்றைக்கு 45 நாள். கடலுக்குப் போகாத பையன்கள் அத்தனை பேரும் ராமநாதபுரத்துத் தியேட்டரில் இருந்தோம். இன்ஸ்பெக்டர் பிரம்மா துப்பாக்கியை முதுகுப் பக்கம் செருகப் போய்த் தன்னையே சுட்டுக்கொண்ட இடத்தில் நீ நாற்காலியிலிருந்து கீழே விழுந்தாய். பின்சீட்டுப் பெரியவர் உன்னைத் தூக்கிவிடாமல் அவரும் சிரித்துக்கொண்டே இருந்தார். திரும்பி வருகிற கடைசிப் பஸ்ஸில் ‘காசு பணம் துட்டு’ என்று ஆளுக்கொரு பக்கம் பாடி, உச்சிப்புளியில் கண்டக்டர் நம்மை இறக்கிவிடப் பார்த்தார்.

இப்போது இரண்டாவது. டைரக்டர் வேறு ஆள், நலன் குமரசாமி இல்லை, எஸ்.ஜே. அர்ஜுன். தயாரிப்பாளர் அதே சி.வி.குமார். விஜய் சேதுபதி இடத்தில் சிவா. 2024 டிசம்பரில் வந்தது. சிவா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ‘தமிழ்ப் படம்’ வந்தபோது அவர் முகத்தை அசைக்காமல் செய்ததை நம் ஊரில் யார் செய்து காட்டாமல் விட்டார்கள்? ஆனால் இதில் அவருக்குக் கொடுத்திருப்பது ஏற்கெனவே இன்னொருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதே கடத்தல். முதல் பாகத்தில் அமைச்சர் மகனாக வந்த அதே அருமைப்பிரகாசம், மறுபடியும் அவரையே கடத்துகிறார்கள், இந்தத் தடவை அவர் நிதியமைச்சர். கடத்துகிறவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற காதலி ஒருத்தி இதிலும் உண்டு. ஒவ்வொன்றும் வரும்போது, ‘பார், ஞாபகம் இருக்கிறதா?’ என்று படம் நம் முகத்தைப் பார்க்கிறது. ஞாபகம் இருக்கிறது. சிரிப்புத்தான் வரவில்லை.

சோடாபுட்டி சொன்னான், ஒரே மாதிரி எடுத்தால் எப்படிடா சிரிப்பு வரும், இரண்டாவது தடவை என்றாலே அப்படித்தான் என்று. அங்கேதான் எனக்கும் அவனுக்கும் சண்டை. திரும்பச் செய்வதுதான் தப்பு என்றால் நம் ஊரில் வள்ளி திருமணம் நாடகம் எப்படி ஓடுகிறது?

யோசித்துப் பார். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எழுதிக் கொடுத்த வள்ளியும் நாரதரும் இன்னும் முளைக்கொட்டுத் திருவிழா தோறும் மேடையில் வந்து நிற்கிறார்கள். வள்ளி புதுக்கோட்டையிலிருந்து வருவாள், முருகன் மதுரையிலிருந்து வருவார், இரண்டு பேரும் ஒத்திகை பார்ப்பதே கிடையாது, அன்றைக்கு மேடையில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். கதை நமக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும், பந்தலில் தூங்குகிற குழந்தைக்கும் தெரியும். இருந்தும் விடியவிடிய யார் எழுந்து போகிறார்கள்?

அந்த நாடகத்தில் கோமாளியாக வருகிற பபூனைக் கவனித்திருக்கிறாயா? நான் போன வருஷம் வேண்டுமென்றே ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாயங்காலமே வந்துவிட்டார். வேஷம் போடுவதற்கு முன்னால் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். யார் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, எந்த ரோடு போட்டு எத்தனை மாசத்தில் பெயர்ந்தது, கமிட்டியில் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று எல்லாவற்றையும் வாயைப் பிடுங்கி வாங்கிக்கொண்டார். ராத்திரி பத்தரைக்கு மேடை ஏறி, டான்ஸ்காரப் பெண்ணிடம் வழக்கமாகக் கேட்கிற அதே கேள்வியைத்தான் கேட்டார், ‘நீ எந்த ஊரு?’ என்று. அவள் சொன்ன பதிலுக்கு அவர் விட்ட வார்த்தையில் தண்ணீர்த்தொட்டி வந்தது, ரோடு வந்தது, தலைவர் மச்சினன் வந்தான். ஆல்ரவுண்ட் தாளம் அடிக்கிறவர் அடிக்க மறந்து சிரித்தார். அந்தக் கேள்வியை எத்தனை ஊரில் எத்தனை வருஷமாகக் கேட்கிறாரோ! ஆனால் அன்றைக்கு அது நம் ஊருக்காக மட்டும் கேட்ட கேள்வி.

அதைத்தான் சோடாபுட்டியிடம் சொன்னேன். கூடு பழசாக இருக்கலாம். உள்ளே இருக்கிறவன் இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

முதல் படத்தில் அந்தக் கற்பனைக் காதலி ஷாலு எப்படி வந்தாள்? விஜய் சேதுபதி செய்த தாஸுக்கு யாருமே இல்லை. அதனால் அவன் கண்ணுக்கு ஒருத்தி தெரிந்தாள். அவனோடு சேர்ந்த மூன்று பேரும் வேலை இல்லாதவர்கள், ஊருக்கு ஆகாதவர்கள். ஒருத்தன் நயன்தாராவுக்குக் கோயில் கட்டித் துரத்தப்பட்டவன். தாஸ் காற்றோடு பேசுவதை அவர்கள் சகித்துக்கொள்கிறார்கள் பார், அதில்தான் சிரிப்பே. வேறு போக்கிடம் இருந்தால் ஒரு நாள் இருப்பார்களா? வண்டி கவிழ்ந்து ஷாலு ‘செத்துப்போன’போது நாம் சிரித்தோம், அதே சமயம் என்னவோ ஒரு மாதிரியாகவும் இருந்தது, நீயே அன்றைக்குச் சொன்னாய். அப்புறம் கடத்தலுக்குத் தாஸ் வைத்திருந்த அந்த ஐந்து விதி. அதிகாரத்தில் இருக்கிறவன் பக்கம் போகாதே என்பது அதில் ஒன்று. அவ்வளவு கவனமாக இருந்தவனைப் பணம்தான் அமைச்சர் வீட்டு வாசலுக்கு இழுக்கிறது. கடைசியில் நேர்மையான அந்த அமைச்சர் அப்பாவுக்குத் தேர்தலில் சீட்டு இல்லை, அப்பா பணத்துக்காகத் தன்னையே கடத்திக்கொண்ட பிள்ளைக்குச் சீட்டு. அது அன்றைக்கு நாம் பேப்பரில் படித்த நாடு.

இரண்டாவதில் காதலி இருக்கிறாள், தனிமை இல்லை. கடத்தல் இருக்கிறது, பசி இல்லை. அடுத்த காட்சியில் இவர்களுக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பே எனக்கு வரவில்லை. அருமைப்பிரகாசமாக வருகிற கருணாகரனைப் பார்த்தால் பாவமாக இருந்தது, எவ்வளவு நல்ல நடிகர். முதல் படத்தில் அவர் வாயைத் திறக்கும் முன்பே சிரித்தோம், ஏனென்றால் அந்த ஆள் எந்தப் பக்கம் சாய்வான் என்று யாருக்கும் தெரியாது. இப்போது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது.

நீ உடனே கணக்குப் பேசுவாய், பேர் இருக்கிற படத்துக்கு வியாபாரம் சுலபம், பணம் போட்டவன் வேறு என்ன செய்வான் என்று. உண்மைதான். புதுப் பேரைச் சுவரில் ஒட்டி ஆளைக் கூட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் முதல் படம் வந்தபோதும் அது புதுப் பேர்தானே? டைரக்டருக்கே அதுதான் முதல் படம். தெரியாத பேரை நம்பிப் போன நம்மை அது ஏமாற்றவில்லை. தெரிந்த பேரை நம்பிப் போனபோது ஏமாந்தோம். எனக்கு அதுதான் ஆற்றாமை.

சரி, இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. படம் பார்த்த மறுநாள் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆடி முளைக்கொட்டுக்கு நாடகம் பேசியாகிவிட்டதாம். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி. பையன்கள் ஒரே குரலில் கேட்டது நாம் மூன்று பேரும் முன்னால் போட்ட ‘நண்டு ஏலம்’ நாடகத்தை. “அண்ணே, பார்ட் டூ போடுங்கண்ணே.” நீ ஏலக்காரன், நான் நண்டு வாங்குகிற கம்பெனி ஆள், குட்டையன் அட்வான்ஸ் வாங்கிவிட்டுக் கூடைக்குள் ஒளிகிற கடன்காரன். எல்லாம் அப்படியே. “நண்டு போச்சு, கடன் இருக்கு” என்று குட்டையன் கூடைக்குள்ளிருந்து தலை நீட்டுவது கண்டிப்பாக வேண்டுமாம். அன்றைக்கு இடுப்புயரம் இருந்தவர்கள் இவர்கள். வசனம் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மாப்பிள்ளை, அன்றைக்கு அந்த ஏலக்கூடத்தில் நின்ற ஒவ்வொரு தலையும் நமக்குத் தெரியும். நீ குரல் எடுத்தால் நிஜ ஏலக்காரர் முன்வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். இன்றைக்குப் பாதி நண்டு ஏலத்துக்கே வருவதில்லை. படகு கரை தட்டும் முன்பே கம்பெனியிலிருந்து விலை போனுக்கு வந்துவிடுகிறது, எடை போட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். நீ மேடையில் “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று கத்தினால் சின்னப் பிள்ளைகளுக்கு அது எந்தக் காலத்துக் கதையோ?

அது கூடப் பரவாயில்லை. குட்டையன் விஷயம் உனக்குத் தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. எல்லை தாண்டினான் என்று இலங்கைக்காரர்கள் பிடித்துப் போனார்கள், ஆள் திரும்பி வந்தான், படகு வரவில்லை. படகுக்கு வாங்கிய கடன் மட்டும் இங்கேயே இருக்கிறது. அவன் மனைவி கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போகிறாள். கமிட்டி வந்தபோது அவனும் திண்ணையில் இருந்தான். “கடன்காரன் வேஷம்தானே, இப்போ நான் நடிக்கவே வேண்டாமே” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்துதான் சிரித்தான். எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை.

அன்றைக்கு அவனுக்குக் கடனே கிடையாது. அதனால் ஊரே சிரிக்க முடிந்தது. கடன் இருந்தவர்களும், நமக்குப் பதில் ஒருத்தன் கூடைக்குள் ஒளிகிறானே என்று சிரித்தார்கள். இப்போது அதே கூடையில் அவனை உட்காரவைத்து அதே வசனத்தைச் சொல்லச் சொன்னால், வசனம் மாறாது, ஆனால் ஊர் அவனைப் பார்த்துச் சிரித்ததாக ஆகிவிடும். நான் அதைச் செய்ய மாட்டேன். நீயும் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அதே நேரம் குட்டையனை விட்டுவிட்டும் போட முடியாது. மேடை ஏற வேண்டும் என்று அவன் ஆசைப்படுகிறான். மறுநாள் ஐஸ் கம்பெனிக்கே வந்து, பிடித்துவைத்திருந்த இடத்தில் கேட்ட கேள்விகளையும் மொழிபெயர்க்க வந்த ஆள் அதைத் தமிழில் மாற்றிச் சொன்ன கூத்தையும் நடித்துக் காட்டினான். ஐஸ் உடைக்கிற பையன்கள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். கேட்பவர் கேட்டது ஒன்று, நடுவில் இருந்தவர் சொன்னது ஒன்று, இவன் பதில் இன்னொன்று. மூன்று குரலையும் இவனே பேசினான். மனுஷன் அவ்வளவு பட்டுவிட்டு வந்து இதைச் சேர்த்துவைத்திருக்கிறான் பார். அன்றைக்கு நான் நிஜமாகவே சிரித்தேன்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நண்டும் வேண்டாம் கூடையும் வேண்டாம். மூன்று பேர், ஒரு மேஜை, குட்டையன் சொன்ன அந்த விசாரணை. ஆனால் விசாரிக்கிறவன் வேஷம் அவனுக்கு. அவன் கேட்கட்டும், நாம் இரண்டு பேரும் முழிப்போம். பேங்குக்காரன், கம்பெனிக்காரன், மானியம் தருகிறேன் என்று போட்டோ எடுத்துப் போனவன் என்று எவனை வேண்டுமானாலும் அவன் மேஜைக்கு முன்னால் நிறுத்தட்டும். நீ பனியன் கம்பெனியில் தினம் பார்க்கிற மேஸ்திரியையும் கொண்டு வா. நம் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் அங்கேதானே இருக்கிறார்கள், திருவிழாவுக்கு வந்திருப்பார்கள், அவர்களுக்குப் புரியும்.

ஒரே ஒரு சிக்கல். பையன்கள் நோட்டீஸில் ‘நண்டு ஏலம் 2’ என்றுதான் போடப் பார்க்கிறார்கள், அப்போதுதான் கூட்டம் வருமாம். நான் பிடிவாதமாக மறுத்திருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை சொன்னால்தான் கேட்பார்கள், உன் பேச்சுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

குட்டையனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இதில் உன் ஏலக்காரன் குரலுக்கு இடமே இருக்காது, உனக்குச் சம்மதமா என்று முதலில் தெரிய வேண்டும். போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவாய். உட்கார்ந்து எழுது, அந்த மேஸ்திரி எப்படித் திட்டுவான் என்பதையும் வார்த்தை மாறாமல் எழுது.

உன் மச்சான்