அம்பை பஸ்ஸில் நீ கேட்ட கேள்விக்கு

ஏட்டி மருமகளே,

போன ஆடியில் அம்பை பஸ்ஸில், சேரன்மகாதேவி தாண்டியதும், "மாமா, வானம் ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்டாய். நானும் பெரிய மேதாவி மாதிரி "கடலோட நீலம் மேல தெரியுது" என்றேன். "இங்கதான் கடலே இல்லையே" என்று நீ திருப்பிக் கேட்டதும் கண்டக்டரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சொன்னது தப்பு. கடல் நீலத்துக்கே வானத்தின் பிரதிபலிப்பு மட்டும் காரணம் கிடையாது. 1921ல் விஞ்ஞானி சி.வி. ராமன் கப்பலில் மத்தியதரைக் கடல் வழியாக வந்தபோது, கையிலிருந்த ஒரு பட்டகத்தை வைத்து அந்தப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்திருக்கிறார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்ததாம்.

சரி, வானத்துக்கு வருகிறேன். அதற்கு உன் தாத்தாவின் பீடி வேண்டும். திண்ணையில் அவர் பற்ற வைத்திருக்கும்போது கவனி: நுனியிலிருந்து நெளிந்து போகிற புகை இலேசான நீலம், அவர் இழுத்து வெளியே விடுகிற புகை வெள்ளை. ஒரே பீடிதான். நுனிப் புகையின் துகள்கள் ரொம்பப் பொடி. வாய்க்குள் போய் ஈரம் ஏறியதும் அவை பருத்துவிடுகின்றன. பொடித் துகள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும், பருத்தது எல்லா நிறத்தையும் ஒன்றுபோல அடித்துவிடும், அதனால் வெள்ளை. மேகம் வெள்ளையாக இருப்பதும் இப்படித்தான், அதிலிருக்கும் நீர்த்துளிகள் பெரியவை.

வானத்தில் பீடி யாரும் குடிப்பதில்லை. அங்கே சிதறடிப்பது காற்றின் மூலக்கூறுகளே, நைட்ரஜனும் ஆக்சிஜனும், பீடிப் புகையைவிடப் பல மடங்கு பொடியானவை. ஒளி அலையாக வருகிறது, நிறத்துக்கு நிறம் அலையின் நீளம் வேறு; அலை குட்டையாகக் குட்டையாகச் சிதறல் நாலாவது அடுக்கில் எகிறும் என்று 1871ல் ராலே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டினார். நீலத்தின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர், சிவப்புக்கு 650. 650ஐ 450ஆல் வகுத்து, வந்ததை நாலு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பார், நீலம் நாலு மடங்குக்கு மேல் சிதறுகிறது. நாம் எந்தப் பக்கம் அண்ணாந்து பார்த்தாலும் அந்தச் சிதறிய நீலம்தான் கண்ணில் விழுகிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது என்னவென்றால், அன்றைக்கு இதற்கான பதில் ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்தது. பொதிகை. பஸ்ஸிலிருந்து பார்த்தால் நீலம், பாபநாசத்தில் போய் இறங்கினால் பச்சை. நமக்கும் மலைக்கும் நடுவில் கிடக்கிற அத்தனை கிலோமீட்டர் காற்றும் வெயிலைச் சிதறடித்து நீலத்தை அள்ளிப் போடுகிறது, அதற்குப் பின்னால் மலை இருட்டாக நிற்பதால் அந்த நீலம் எடுப்பாகத் தெரிகிறது. முன்னால் இருக்கிற குன்று கருத்தும் அதற்குப் பின்னால் இருப்பது வெளிறியும் இருக்குமே, பின்னதற்கு முன்னால் காற்று அதிகம், அவ்வளவுதான். அதாவது வானம் தலைக்கு மேலே எங்கேயோ ஆரம்பிக்கிறது என்று நினைக்காதே, வீரவநல்லூர் வயலுக்கு மேலேயே ஆரம்பித்துவிடுகிறது.

சாயங்காலச் சிவப்பும் இதே கதை. வெயில் சாய்வாக வரும்போது நிறையக் காற்றைத் தாண்டணும், வழியிலேயே நீலம் சிதறித் தீர்ந்துபோய், மிச்சம் வந்து சேருவது சிவப்பு. நம் ஊரில் சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்குள் மலைக்குப் பின்னால் போய்விடும், அதனால் திருச்செந்தூரில் விடியற்காலை பார்ப்பதுதான் உத்தமம்.

ஊதாவுக்கு இன்னும் குட்டை அலையாச்சே, வானம் ஏன் ஊதா இல்லை என்று அடுத்துக் கேட்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு? சூரிய ஒளியில் ஊதா கம்மி, நம் கண்ணுக்கும் அது அவ்வளவாக உறைக்காது.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: பீடி விஷயத்தைத் தாத்தாவிடம் சொல்லிவிடாதே. "பிள்ளைக்குப் பாடம் காட்டுதேன்" என்று ஆச்சி முன்னாலேயே இன்னொன்றைப் பற்ற வைப்பார்.